சர்வர் கேள்வி–பதில்: பிஎச்பிமைஅட்மினை எங்கே வைப்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பிஎச்பிமைஅட்மின் பற்றியவை. நிறுவ முடியவில்லை என்று சிலர், நிறுவியபின் பயமாக இருக்கிறது என்று சிலர். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி டேட்டாபேஸ்களைப் பிரவுசர் வழியாகவே பார்க்கவும் திருத்தவும் உதவும் கருவி அது. 1998-இல் தொடங்கி இன்றுவரை கைவிடப்படாமல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள். எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் லாகின் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடப்பதை என்னால் ஏற்க முடியாது. கீழே உள்ள பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் இறுதியாண்டு மாணவன். புராஜெக்டுக்காக உபுண்டு லினக்ஸ் சர்வர் ஒன்றில் அப்பாச்சி வெப் சர்வர், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், பிஎச்பி நிரல்மொழி மூன்றையும் போட்டுவிட்டு, உபுண்டுவின் நிறுவல் கட்டளையான ஆப்ட் மூலம் பிஎச்பிமைஅட்மின் நிறுவினேன். நடுவில் ஒரு திரை வந்து எந்த வெப் சர்வர் என்று கேட்டது. அப்பாச்சிதான் முதலில் இருந்தது, என்டர் தட்டினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் பிரவுசரில் 404 (பக்கம் இல்லை) என்றுதான் வருகிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் அதேதான்.

பதில்: அந்தத் திரை பலரை ஏமாற்றியிருக்கிறது. அப்பாச்சி என்ற வரியின்மேல் நிறம் மாறியிருக்கும். அது தேர்வாகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது கர்சர் நிற்கும் இடம் மட்டுமே. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடைப்புக்குள் ஒரு நட்சத்திரக் குறி விழும், அப்போதுதான் தேர்வு. அது விழாமல் என்டர் தட்டினால், 'எந்த வெப் சர்வரையும் தொடாதே' என்று சொன்னதாகக் கணக்கு. மென்பொருள் டிஸ்கில் வந்து உட்கார்ந்துவிடும், அப்பாச்சிக்கு மட்டும் அது இருப்பதே தெரியாது.

மறுபடி நிறுவ வேண்டியதில்லை. 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்' கட்டளையை இந்த பேக்கேஜின் பெயரோடு ஓட்டினால் அதே கேள்விகள் திரும்ப வரும். எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் அதன் பெயரைத் தேட வேண்டாம், அப்பாச்சியும் லைட்டிபிடியும் மட்டும்தான் அங்கே இருக்கும். எஞ்சின்எக்ஸுக்கு நாமே கையால் எழுத வேண்டும்.

அடுத்த திரையில் ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அது நீங்கள் லாகின் செய்வதற்கானது அல்ல. புக்மார்க், வரலாறு போன்ற தன் சொந்தக் குறிப்புகளைச் சேமிக்க இந்தக் கருவி ஒரு தனி டேட்டாபேஸும் தனிப் பயனரும் வைத்துக்கொள்கிறது. அந்தப் பயனருக்கான பாஸ்வேர்டு அது. காலியாக விட்டால் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்படியே விடுங்கள்.

பக்கம் திறந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு அதே நாளில் மிச்ச வேலையையும் முடியுங்கள். புராஜெக்ட் சர்வர்தானே என்று யாரும் உங்களுக்குச் சலுகை தரப்போவதில்லை.

கேள்வி: ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) பெயரும் பாஸ்வேர்டும் சரியாகத்தான் கொடுக்கிறேன். '1698, அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருகிறது. டெர்மினலில் சுடோ போட்டு மைஎஸ்க்யூஎல் திறந்தால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடுகிறது. ரூட்டைப் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பிழை உங்களுக்குப் பாதுகாப்பு.

நடப்பது இதுதான். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் ரூட், 'ஆத் சாக்கெட்' என்ற முறையில் வருகிறது. டெபியன் லினக்ஸின் மரியாடிபியில் அதற்கு 'யூனிக்ஸ் சாக்கெட்' என்று பெயர். இந்த முறையில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை. கதவைத் தட்டுகிற புரோகிராம் லினக்ஸில் எந்தப் பயனராக ஓடுகிறது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கிறது. சுடோ போட்டால் நீங்கள் லினக்ஸின் ரூட், அதனால் உள்ளே விடுகிறது. பிஎச்பி ஓடுவதோ 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனராக. அது ரூட் அல்ல. எனவே நீங்கள் எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் 1698-தான். வெப் வழியாக யாரும் டேட்டாபேஸின் ரூட்டாக நுழைய முடியாது என்ற இந்த ஏற்பாட்டை நாமே கழற்றி எறிவது சரியல்ல.

தவிர, அந்த ஆலோசனைக்கு ஆயுளும் முடிந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தபோதே இயல்பான முறை 'கேஷிங் ஷா2' ஆகிவிட்டது. 8.4-இல் நேட்டிவ் பாஸ்வேர்டு முறை அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது, 9.0-இல் முற்றிலுமாக நீக்கிவிட்டார்கள். பிஎச்பி 7.4-இலிருந்து புதிய முறையைத் தானாகவே புரிந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது: சுடோ மூலம் உள்ளே போய் ஒரு புதிய பயனரை உருவாக்குங்கள். அவர் 'லோக்கல்ஹோஸ்ட்'டிலிருந்து, அதாவது அதே சர்வரிலிருந்து, மட்டுமே வர முடியும் என்று எழுதுங்கள். உங்கள் புராஜெக்டின் ஒரே ஒரு டேட்டாபேஸ்மேல் மட்டும் உரிமை கொடுங்கள். அந்த டேட்டாபேஸுக்குள் எல்லா உரிமையும் கொடுத்தால்கூடப் பரவாயில்லை. நட்சத்திரம்-புள்ளி-நட்சத்திரம் போட்டுச் சர்வர் முழுவதற்கும் கொடுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சர்வர் முழுவதற்குமான உரிமைகளில் 'ஃபைல்' என்று ஒன்று இருக்கிறது. அது கையில் இருந்தால், ஒரு செலக்ட் வினவலின் விடையை 'இன்டூ அவுட்ஃபைல்' என்று சொல்லி டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதலாம். எழுதுவது நான்கு வரி பிஎச்பியாக இருந்து, எழுதும் இடம் இணையதளத்தின் ஃபோல்டராகவும் இருந்துவிட்டால், அடுத்த நொடி அந்தக் கோப்பைப் பிரவுசரில் திறந்து சர்வரில் கட்டளைகளை ஓட்டலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஒன்று கசிந்தது, முழுச் சர்வரும் போனது என்று ஆகிவிடும். உபுண்டுவின் மைஎஸ்க்யூஎல் இதைத் தடுக்க, 'செக்யூர் ஃபைல் ப்ரிவ்' என்ற அமைப்பால் எழுதும் இடத்தை ஒரே ஃபோல்டருக்குள் அடைத்து வைத்திருக்கிறது. மரியாடிபியில் அந்த அமைப்பு இயல்பாகக் காலி. ஃபோல்டர் உரிமைகள் எல்லாருக்கும் எழுதும்படித் தளர்ந்து கிடக்கும் சர்வர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இது வெறும் பாடப்புத்தக ஆபத்து அல்ல.

கேள்வி: நான் ஒரு சிறு நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிஎச்பிமைஅட்மின் என்ற முகவரியை மாற்றி, யாராலும் ஊகிக்க முடியாத பெயராக வைத்துவிட்டேன். தனி சப்டொமைனும் போட்டு எச்டிடிபிஎஸ் சான்றிதழும் வாங்கியாயிற்று. பாஸ்வேர்டும் நீளமானது. இதற்குமேலும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: செய்தவை எதுவும் வீண் அல்ல. ஆனால் ரகசியப் பெயர் என்று நீங்கள் நம்புவது இப்போதே ரகசியம் இல்லை.

சப்டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கினீர்கள் அல்லவா? லெட்ஸ் என்க்ரிப்ட் உட்பட எல்லாச் சான்றிதழ் நிறுவனங்களும் தாங்கள் வழங்கும் சான்றிதழ்களைச் 'சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி' என்ற பொதுப் பதிவேட்டில் எழுதுகின்றன. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதில் உங்கள் சப்டொமைனின் பெயர் எழுத்து பிசகாமல் இருக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். புதுச் சான்றிதழ்களை அந்தப் பதிவேட்டிலிருந்து உடனுக்குடன் படித்து, அந்தப் பெயர்களைத் தட்டிப் பார்க்கிற பாட்களும் (தானியங்கி நிரல்களும்) உண்டு.

சப்டொமைன் இல்லாமல் முகவரிப் பாதையை மட்டும் மாற்றியவர்களுக்கு லாபம் ஒன்று உண்டு: லாக் கோப்பு அமைதியாக இருக்கும். புதுச் சர்வர் ஒன்றை இணையத்தில் ஏற்றிவிட்டு அப்பாச்சியின் ஆக்சஸ் லாகைத் திறந்து வைத்துப் பாருங்கள். பிஎச்பிமைஅட்மின், பிஎம்ஏ, மைஅட்மின், டிபிஅட்மின், பெரிய எழுத்தில் ஒருமுறை, சின்ன எழுத்தில் ஒருமுறை, பின்னால் வெர்ஷன் எண் சேர்த்து ஒருமுறை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. கிடைக்கும் எல்லா ஐபி முகவரியையும் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றினால் இந்தக் கூட்டம் கடந்து போய்விடும். உங்களையே குறிவைத்து வருபவர் நிற்பார்.

நீளமான பாஸ்வேர்டு நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டைகளும் இந்த மென்பொருளின் வரலாற்றில் இருந்திருக்கின்றன. 2009-இல் அதன் செட்டப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையால், லாகின் செய்யாமலே கான்ஃபிக் கோப்புக்குள் பிஎச்பி நிரலைத் திணிக்க முடிந்தது. பாட்கள் அதைத் தேடித் தேடித் தாக்கின. 2018-இல் 4.8.0, 4.8.1 வெர்ஷன்களில் சர்வரிலுள்ள கோப்புகளை உள்ளே இழுத்து ஓட்டவைக்கும் ஓட்டை இருந்தது. பொதுவாக அதற்கு லாகின் வேண்டும், ஆனால் சில தவறான கான்ஃபிக் அமைப்புகளில் அதுவும் வேண்டாம். இரண்டையும் அந்தக் குழு சரிசெய்து புது வெர்ஷன் வெளியிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஓட்டை வெளியே தெரிந்த நாளுக்கும் நீங்கள் அப்டேட் போடும் நாளுக்கும் இடையே அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறதே, அதுதான் என் கவலை.

அதனால் லாகின் பக்கத்தையே இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நான் பராமரிக்கும் சர்வர்களில் செய்வது இதுதான்.

முதலில், ஆப்ட் போட்டுவைத்த பொதுக் கான்ஃபிகை 'ஏ2டிஸ்கான்ஃப்' கட்டளையால் அணைத்துவிடுவேன். அது அணையாதவரை, சர்வரிலுள்ள ஒவ்வொரு இணையதளத்தின் பெயருக்குப் பின்னாலும் இந்தக் கருவி தெரியும். பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு டொமைனில் பூட்டிவிட்டு, அதே சர்வரின் வேறு டொமைனில் திறந்தே விட்டிருப்பார்கள். பிறகு அப்பாச்சியில் புதிதாக ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் (தனித் தளத்துக்கான அமைப்பு) எழுதி, அது, இயந்திரம் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் 8081 போர்ட்டில் மட்டும் கேட்கும்படி வைப்பேன். பிஎச்பிமைஅட்மினின் கான்ஃபிகை அந்த ஹோஸ்டுக்குள் மட்டும் சேர்ப்பேன். இனி அந்த இயந்திரத்துக்கு உள்ளே இருப்பவர் தவிர வேறு யாருக்கும் அது கிடையாது.

வெளியிலிருந்து நான் போக வேண்டுமானால் எஸ்எஸ்எச் டனல், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதை. என் கணினியில் எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய எழுத்து 'எல்' ஆப்ஷன் சேர்த்து, 8888:127.0.0.1:8081 என்று கொடுத்து சர்வருக்குள் நுழைவேன். அதன்பின் என் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8888 திறந்தால் சர்வரின் 8081 தெரியும். வழி முழுவதும் எஸ்எஸ்எச் குறியாக்கம் இருப்பதால் இதற்கென்று தனியாகச் சான்றிதழ் வேண்டாம். எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு லாகினை அணைத்து, கீ (ரகசியச் சாவிக் கோப்பு) மட்டும் வைத்திருந்தால், அந்தக் கீ இல்லாதவருக்கு இந்த லாகின் பக்கம் கண்ணில்கூடப் படாது.

தனிப் போர்ட் எதற்கு, தளம் ஓடும் 80 போர்ட்டுக்கே டனல் போட்டு 'ரிக்வயர் லோக்கல்' (உள்ளூர் இணைப்புக்கு மட்டும் அனுமதி) என்று எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். இரண்டு சிக்கல்கள். 80-க்கு வருவதையெல்லாம் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் விதி அநேகமாக எல்லாத் தளத்திலும் இருக்கும், அது உங்களையும் டனலுக்கு வெளியே தள்ளிவிடும். இரண்டாவது இன்னும் மோசம். அப்பாச்சிக்கு முன்னால் அதே சர்வரில் எஞ்சின்எக்ஸ் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக, அதாவது வருகைகளை வாங்கி அப்பாச்சிக்குக் கடத்தும் இடையாளாக, நின்றால், உலகத்தில் எங்கிருந்து யார் வந்தாலும் அப்பாச்சியின் கண்ணுக்கு 127.0.0.1-இலிருந்து வருவதாகத்தான் தெரியும். 'ரிக்வயர் லோக்கல்' எல்லாரையும் உள்ளூர்க்காரராக நினைத்து அனுமதித்துவிடும். பூட்டியிருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு திறந்து கிடக்கும் நிலைமை இது. எதை அமைத்தாலும், மொபைல் டேட்டாவில் வேறொரு சாதனத்திலிருந்து திறந்து பார்த்து உறுதிசெய்யாமல் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள்.

டேட்டாபேஸ் கேட்கும் 3306 போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள். 'எஸ்எஸ்' கட்டளையில் எந்தப் போர்ட் எந்த முகவரியில் கேட்கிறது என்று தெரியும். 127.0.0.1 என்று இருக்க வேண்டும். 0.0.0.0 (எல்லா முகவரியிலும்) என்று இருந்தால், பிஎச்பிமைஅட்மினுக்கு எத்தனை பூட்டு போட்டும் பயனில்லை, டேட்டாபேஸே நேரடியாக வெளியில் நிற்கிறது.

கேள்வி: டனல் எல்லாம் எனக்குச் சரி மேடம். எங்கள் கணக்குப் பிரிவில் இருவர் தினமும் பிஎச்பிமைஅட்மின் பார்க்கிறார்கள். எஸ்எஸ்எச் கட்டளை அடிக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் அங்கே என்ன பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு டேபிள், இன்றைய ஆர்டர்கள் அல்லது நிலுவை. அதற்கு ஒரு சின்ன அறிக்கைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம். அரை நாள் வேலை. டேபிளின் ஒரு கட்டத்தின்மேல் டபுள் கிளிக் செய்து ஏதாவது தட்டினாலே தகவல் மாறிவிடக்கூடிய திரையைக் கணக்கர்களுக்குத் தினமும் திறந்து வைப்பது அவர்களுக்கும் நியாயம் இல்லை. தவறிப்போய் எதையாவது அழித்துவிட்டால் பழி அவர்கள்மேல்தான் விழும்.

வேறு வழியே இல்லையென்றால், வயர்கார்டு போன்ற விபிஎன் அமைத்து, அவர்கள் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் இணையும்படி செய்யுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் டேட்டாபேஸ் பயனருக்கு செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் போதும்.

விபிஎன்னும் முடியாது என்பவர்கள்தான் பக்கத்தை வெளியே விட வேண்டியவர்கள். அவர்கள் எச்டிடிபிஎஸ், அலுவலக ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி, அப்பாச்சியின் தனிப் பாஸ்வேர்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே போட வேண்டும். அப்பாச்சியின் பாஸ்வேர்டு முக்கியம், ஏனெனில் பிஎச்பி நிரல் ஓடுவதற்கு முன்பே அது தடுத்து நிறுத்தும். நிரலில் ஓட்டை இருந்தாலும் அதைத் தொட விடாது. 4.8.0-இலிருந்து இரண்டடுக்குச் சரிபார்ப்பு வசதியும் பிஎச்பிமைஅட்மினிலேயே இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன தனி டேட்டாபேஸ் சரியாக அமைந்திருந்தால் செட்டிங்ஸ் பக்கத்தில் அது வேலை செய்யும். தோல்வியடைந்த லாகின்களைப் பிஎச்பிமைஅட்மின் சர்வரின் சிஸ்லாக் பதிவில் எழுதும், திரும்பத் திரும்ப முயலும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் மென்பொருளில் அதைப் படிக்கும் ஃபில்டரும் தயாராக இருக்கிறது, இயக்கிவிடுங்கள்.

கேள்வி: டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) பிஎச்பிமைஅட்மின் ஓட்டுகிறேன், 8080:80 என்று போர்ட் கொடுத்து. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 மட்டும்தான் திறந்திருக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து 8080 திறக்கிறது! ஃபயர்வால் ஆனில் இருக்கிறது என்றுதான் காட்டுகிறது.

பதில்: ஃபயர்வால் ஆனில்தான் இருக்கிறது, பாக்கெட்டுகள் அதன் பக்கமே போகவில்லை. டாக்கர் தானே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் விதிகள் எழுதி, வருகிற பாக்கெட்டை நேராக கன்டெய்னருக்குத் திருப்பிவிடுகிறது. யுஎஃப்டபிள்யூவின் விதிகள் காவல் காக்கும் சங்கிலிக்கு அது வருவதே இல்லை. போர்ட் வரியை 127.0.0.1:8080:80 என்று மாற்றி கன்டெய்னரை மறுபடி எழுப்புங்கள். பிறகு மேலே சொன்ன டனல்.

அப்படியே, டேட்டாபேஸ் கன்டெய்னருக்கு 3306 போர்ட்டை வெளியிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு கன்டெய்னர்களும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளும். 'பிஎம்ஏ ஆர்பிட்ரரி' என்ற மாறியை 1 என்று வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். லாகின் பக்கத்தில் எந்தச் சர்வரின் பெயரை வேண்டுமானாலும் தட்டலாம் என்று அது அனுமதிக்கிறது. தாக்குபவர் தன் சொந்தப் போலி மைஎஸ்க்யூஎல் சர்வரின் பெயரைத் தட்டி, அதன் வழியாக உங்கள் சர்வரிலுள்ள கோப்புகளைப் படிக்கும் ஓட்டை 4.8.5-இல்தான் அடைக்கப்பட்டது.

கேள்வி: எங்கள் தளத்தில் தமிழ்க் கட்டுரைகள் அழகாகத் தெரிகின்றன. பிஎச்பிமைஅட்மினில் அதே டேபிளைத் திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக இருக்கிறது. பிஎச்பிமைஅட்மினில் என்ன கோளாறு?

பதில்: அதில் கோளாறு இல்லை, அது உள்ளதைக் காட்டுகிறது. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் மூன்று பைட். முதல் பைட்டை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய லத்தீன்1 முறையில் படித்தால் கோடு போட்ட அந்த 'ஏ' வரும், இரண்டாவதைப் படித்தால் வட்டத்துக்குள் 'ஆர்' அல்லது ஒரு மேல்கோடு. உங்கள் தளத்தின் நிரல் டேட்டாபேஸோடு லத்தீன்1 இணைப்பில் பேசுகிறது. எழுதும்போது ஒரு தவறு, படிக்கும்போது அதே தவறு எதிர்த்திசையில். இரண்டும் ஒன்றையொன்று ரத்துசெய்து திரையில் நல்ல தமிழ் வருகிறது. பிஎச்பிமைஅட்மின் சரியான இணைப்பில் போய்ப் பார்ப்பதால் குட்டு உடைகிறது.

இந்த நிலையில் பிஎச்பிமைஅட்மின் வழியாக ஒரு வரியைக்கூடத் திருத்தாதீர்கள். நீங்கள் சரியான தமிழில் திருத்தினால் தளத்தில் அந்த வரி மட்டும் கேள்விக்குறிகளாகத் தெரியும். முதலில் முழு பேக்கப். பிறகு அதன் நகல் ஒன்றில், கட்டுரைகள் உள்ள லத்தீன்1 நெடுவரிசையை ப்ளாப் (வெறும் பைட்கள்) வகைக்கு மாற்றி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லின் முழு யுடிஎஃப்-8) உள்ள டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிப் பாருங்கள். நேராக லத்தீன்1-இலிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால் குப்பை குப்பையாகவே நிரந்தரமாகிவிடும், நடுவில் ப்ளாப் இருப்பதன் காரணம் அதுதான். நகலில் தமிழ் சரியாக வந்தால் அசலில் செய்து, தளத்தின் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள்.

இதை எழுதும்போது மனம் கொஞ்சம் கனக்கிறது, ஏனெனில் டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறிகளாகிப்போன கட்டுரைகளோடு வந்தவர்களும் உண்டு. கோடு போட்ட 'ஏ' என்றால் பைட்கள் உயிரோடு இருக்கின்றன, மீட்கலாம். டேபிளுக்குள் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டிருந்தால் பழைய பேக்கப் தவிர வேறு கதி இல்லை.

கேள்வி: 60 எம்பி எஸ்க்யூஎல் கோப்பை இம்போர்ட் செய்ய முடியவில்லை. பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐ மாற்றியும் பயன் இல்லை.

பதில்: அநேகமாக வேறு கோப்பை மாற்றியிருப்பீர்கள். உபுண்டுவில் கமாண்ட் லைனுக்கு ஒன்று, அப்பாச்சிக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு (பிஎச்பியைத் தனியாக ஓட்டும் சர்வீஸ்) ஒன்று என்று தனித்தனி ஃபோல்டரில் தனித்தனி பிஎச்பி.ஐஎன்ஐ இருக்கும். அப்லோட் வரம்பு இயல்பாக 2 எம்பி, போஸ்ட் வரம்பு 8 எம்பி, இரண்டையும் உயர்த்தி உரிய சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 413 (அனுப்பியது மிகப் பெரிது) என்று வந்தால் அது எஞ்சின்எக்ஸின் 1 எம்பி வரம்பு.

ஆனால் நான் இதற்காக வரம்பை உயர்த்தவே மாட்டேன். கோப்பை எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழி நகலெடுக்கும் கட்டளை) மூலம் சர்வருக்கு அனுப்பி, டெர்மினலில் மைஎஸ்க்யூஎல் கட்டளைக்குள் செலுத்தினால் பிரவுசரின் நேர வரம்பு எதுவும் குறுக்கே வராது. பேக்கப் எடுப்பதற்கும் அப்படியே: மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளை, கூடவே 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' ஆப்ஷன்.

கேள்வி: ஆப்டில் வருவது பழைய வெர்ஷன். நேராக டவுன்லோட் செய்து போடலாமா? அல்லது ஒரே கோப்பாக இருக்கும் அட்மினர் என்ற இதேபோன்ற கருவிக்கு மாறிவிடலாமா? அது பாதுகாப்பானது என்கிறார்களே.

பதில்: டவுன்லோட் செய்து போட்டால் அப்டேட் போடும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. அந்த ஒழுங்கு இருக்கிறதென்றால் செய்யுங்கள். அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுத்து, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் பிஜிபி கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2012 செப்டம்பரில் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் தளத்தின் மிரர் (நகல் சர்வர்) ஒன்றில் 3.5.2.2 வெர்ஷனின் ஜிப் கோப்புக்குள் யாரோ ஒரு பின்வாசலைச் சேர்த்துவிட்டார்கள். சுமார் 400 பேர் அதை இறக்கியிருந்தார்கள். கையொப்பம் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். டவுன்லோட் செய்த தொகுப்பின் கான்ஃபிக் கோப்பில், குக்கீயைக் குறியாக்கம் செய்யும் 'ப்ளோஃபிஷ் சீக்ரெட்' என்ற இடத்தில் சரியாக 32 பைட் நீளமுள்ள ரகசியம் வேண்டும், ஓபன்எஸ்எஸ்எல்லின் 'ராண்ட்' கட்டளையில் ஹெக்ஸ் 16 என்று கேட்டால் கிடைக்கும். 'செட்டப்' ஃபோல்டரை நீக்கிவிடுங்கள். 2009 கதை நினைவிருக்கட்டும்.

அட்மினர் நல்ல கருவி. ஆனால் கோப்பு ஒன்றாக இருப்பதால் பாதுகாப்பு கூடிவிடாது. 4.6.3-க்கு முந்தைய வெர்ஷன்களில், போலி டேட்டாபேஸ் சர்வரோடு இணையவைத்துக் கோப்புகளைத் திருடும் அதே வகை ஓட்டை அதிலும் இருந்தது. ஒரே கோப்பு என்பதால், அவசரத்துக்கு ஏற்றிவிட்டு மறந்துபோவதும் எளிது. எதைத் தேர்ந்தாலும் டனலுக்குப் பின்னால் வையுங்கள்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது, பிஎச்பிமைஅட்மினை எடுத்துவிட நினைக்கிறேன். நீக்கும்போது டேட்டாபேஸையும் அழிக்கவா என்று கேட்கிறது. என் தகவல்கள் போய்விடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

பதில்: அது கேட்பது, 'பிஎச்பிமைஅட்மின்' என்ற பெயரில் தனக்கென்று வைத்திருக்கும் டேட்டாபேஸை. அழிக்கச் சொல்லலாம், உங்கள் டேபிள்கள் அதில் இல்லை. ஆனாலும் பேக்கப் ஒன்று எடுத்துவிட்டே அழுத்துங்கள். 'ரிமூவ்' அல்ல, 'பர்ஜ்' கொடுங்கள், அப்போதுதான் கான்ஃபிக் கோப்புகளும் போகும். பிறகு இணையதள ஃபோல்டருக்குள் யாராவது முன்பு கையால் போட்ட பழைய நகல் இருக்கிறதா என்று ஃபைண்ட் கட்டளையால் தேடுங்கள். பேக்கப் ஃபோல்டர்களுக்குள் இப்படி மறந்துபோன பிரதிகள் கிடைப்பது வழக்கம். கடைசியாக, இந்தக் கருவிக்காக மட்டுமே நீங்கள் கையால் உருவாக்கிய டேட்டாபேஸ் பயனர்களையும் நீக்கிவிடுங்கள். பர்ஜ் கட்டளை அவர்களைத் தொடாது.